ஒரே கோப்பு, ஒரே சாவி

அலுவலகத்தில் குரோம், வீட்டில் ஃபயர்பாக்ஸ், கையில் ஆண்ட்ராய்டு போன். தேவைப்படும் பாஸ்வேர்டு எப்போதும் வேறொன்றில்தான் சேமிக்கப்பட்டிருக்கும்.

ஜெர்மனியின் டொமினிக் ரைஹல் 2003-இல் வெளியிட்ட கீபாஸ் மென்பொருள் தந்த தீர்வின் எளிமையே அழகு. எல்லா பாஸ்வேர்டுகளும் மறையாக்கம் செய்த ஒரே கோப்பில். அதைத் திறக்க ஒரே முதன்மை பாஸ்வேர்டு. கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். எந்த நிறுவனத்திடமும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. மென்பொருளும் இலவசம்.

அதன் வழிவந்த கீபாஸ்எக்ஸ்சி, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதே கோப்பைத் திறக்கிறது. உலாவி நீட்சியைச் சேர்த்தால் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் பாஸ்வேர்டை நிரப்பித் தருகிறது. அதுவும் இணைய முகவரியை ஒப்பிட்ட பிறகே! வங்கித் தளத்தை அப்படியே நகலெடுத்த போலிப் பக்கம் மனிதக் கண்ணை ஏமாற்றிவிடும். முகவரியில் ஓரெழுத்து மாறியிருந்தால் இந்த நீட்சி நிரப்பாது.

இரு கணினிகளில் தனித்தனியே திருத்திய கோப்புகளை ஒன்றாக இணைக்கவும் கீபாஸ்எக்ஸ்சியில் வசதி உண்டு.