ஒளிக்கோடுகளும் ஊரின் முகமும்

ஒஸ்லோ நகரின் வடகிழக்கு விளிம்பில் மேட்டுநிலத்தில் இருக்கிறது வெஸ்ட்லி. 1975இல் நிலக்கீழ் ரயில் பாதை இங்கு வந்து சேர்ந்தது. இன்றும் இதுவே அப்பாதையின் கடைசி நிலையம். டிசம்பர் பிற்பகுதியில் இங்கே பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. வேலைக்குப் போவது இருட்டில், வீடு திரும்புவதும் இருட்டில். இந்தப் பக்கம் குடியேறிய தமிழர்களில் பலர் குளிர்காலத்தில் ஊரைப் பார்ப்பது காரின் கண்ணாடி வழியாகத்தான். ஓடும் காருக்குள் கேமராவைப் பொருத்தி, ஷட்டரைப் பல வினாடிகள் திறந்துவைத்து எடுக்கும் இரவுப் படம் அவர்களின் அன்றாடத்துக்கு மிக நெருங்கிய கலையாகியிருக்க வேண்டும். அப்படி ஆகாமல் அது பெரும்பாலும் அலங்காரமாக நின்றுவிடுவது ஏன் என்று பார்க்க வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் 15 வினாடி திறந்திருந்தால் 250 மீட்டர் சாலை ஒரே சட்டத்துக்குள் படிந்துவிடும். காரோடு சேர்ந்து நகரும் கேமராவுக்கு டாஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் அசையாப் பொருள்கள். அவை தெளிவாக விழுகின்றன. தொலைவில் சாலை மறையும் இடத்திலுள்ள விளக்குகள் ஒளித்திரளாகத் தேங்குகின்றன. நெருங்கி வரும் விளக்குகள் அங்கிருந்து நாற்புறமும் கோடுகளாக விரிந்து, ஓரங்களில் மெலிகின்றன.

ஓடும் விளக்கு சென்சாரின் எந்தப் புள்ளியிலும் கணநேரமே தங்குகிறது. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்துவைத்தாலும் தனியொரு கோடு நீளுமே தவிர, பிரகாசம் கூடாது. காரின் உட்புறமோ வினாடிக்கு வினாடி வெளிச்சம் சேர்த்துக்கொண்டே போகும். வெளிக்கோடுகளை அடக்க லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் தெரிய நேரத்தை நீட்ட வேண்டும். அகத்துக்கும் புறத்துக்கும் தனித்தனிப் பிடி கிடைப்பது இந்த முறையின் அரிய வசதி.

அசைவைப் படத்தில் பதிப்பது புதிதல்ல. இத்தாலியப் புகைப்படக் கலைஞர் பிரகாலியா 1911இல் மனித அசைவின் தடத்தைப் படத்தில் பதித்தார். பிக்காசோ சிறு விளக்கால் காற்றில் வரைந்ததை 1949இல் யோன் மிலி படமாக்கினார். இருவரிடமும் கேமரா நின்றது, எதிரே இருந்தவர் அசைந்தார். காருக்குள் நிலைமை தலைகீழ். தெருவிளக்கு நட்ட இடத்தில் நிற்கிறது, நகர்பவர் பார்ப்பவர்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும், பிரேக் பிடித்ததும், வளைவில் திரும்பியதும் கோட்டின் நடுக்கமாகப் பதிகின்றன. பயணம் செய்தவரின் உடல் அனுபவத்தை இவ்வளவு நேராக எழுதிவைக்கும் படமுறைகள் குறைவு. வழியில் போகிறவரின் முகமும் வண்டி எண்ணும் கரைந்துவிடுவதால், பிறரின் அந்தரங்கத்தையும் இது காக்கிறது.

குறையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. முகத்தைக் கரைக்கும் முறை ஊரையும் கரைத்துவிடுகிறது. வெஸ்ட்லியிலிருந்து இறங்கி ஈ6 நெடுஞ்சாலையில் எடுத்த படத்தையும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதைத் தவிர ஊரை அடையாளம் காட்ட எதுவும் இராது. சிவப்புக் கோடுகள், வெள்ளைக் கோடுகள், நடுவில் ஓர் ஒளிப்பிழம்பு. அமெரிக்காவைக் காருக்குள்ளிருந்தே படமெடுத்து 2010இல் நூலாக்கிய லீ ஃப்ரீட்லாண்டரிடம் இந்தக் குறை இல்லை. அவர் கணநேரப் படமே எடுத்தார். கதவும் பக்கக் கண்ணாடியும் சட்டமாக நிற்க, வெளியே பெயர்ப்பலகையை வாசிக்க முடிகிறது. ஒளிக்கோட்டுப் படக்காரர்கள் அவரிடம் கற்க வேண்டியது இடத்தின் மீதுள்ள அக்கறை.

இதற்குச் சாலையிலேயே ஒரு வழி இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் விழும்படி எடுக்கலாம். நிற்கும் வினாடிகளில் அடுக்குமாடியின் ஜன்னல்களும் ஓரத்துப் பனிக்குவியலும் பேருந்து நிறுத்தமும் தெளிவாகப் பதியும்; கார் கிளம்பியதும் கோடுகள் அவற்றின் மேல் ஓடும். ஊரும் ஓட்டமும் ஒரே படத்தில் கிடைக்கும். வெண்பனி தெருவிளக்கின் ஒளியைத் திருப்பித் தருவதால் ஒஸ்லோவின் குளிர்காலம் இதற்கு நன்றாகவே கைகொடுக்கும்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. நோர்வேயின் 1965ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே ஓட்டுநரிடம் கவனத்தையும் பிறர்மீது அக்கறையையும் கேட்கிறது. கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் உரிமத்தில் மூன்று புள்ளிகள்; மூன்று ஆண்டுக்குள் எட்டுப் புள்ளிகள் சேர்ந்தால் ஆறு மாதம் உரிமம் பறிபோகும். 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லார்டால் சுரங்கச் சாலையில், ஓட்டுபவரின் கவனம் மங்காதிருக்கவே இடையிடையே குகைகளைக் குடைந்து நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். கவனத்துக்காக இவ்வளவு செலவிடும் நாட்டில், ஒரு படத்துக்காக அதைச் சிதறடிப்பது கலையாகாது.

வேகம் படத்துக்குத் தேவையும் இல்லை. கோடு நீள வேண்டுமானால் மெதுவாகப் போய் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்தால் போதும். ஆகவே விரைந்து ஓட்ட அழகியலைக் காரணம் காட்ட முடியாது. கேமராவைத் தொடுபவர் பயணியாகவே இருக்க வேண்டும். ஓட்டுநரின் பார்வையை மறைக்காமலும் ஏர்பேக் விரியும் வழியில் இல்லாமலும் அதை இறுகப் பொருத்த வேண்டும். கேமராத் திரையை அணைத்துவிட வேண்டும். அதன் ஒளி முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தையும் கெடுக்கும், ஓட்டுநரின் கண்ணையும் கூசவைக்கும்.

உள்ளே ஒரு மனிதரும் வெளியே ஓர் ஊரும் இருந்தால் இந்த முறை அரிய ஆவணம் தரும்; இரண்டும் இல்லாவிட்டால் மிஞ்சுவது வண்ணக் கோடுகள்தான். நம் வீட்டு ஆல்பங்களில் திருமணமும் பிறந்தநாளும் அரங்கேற்றமும் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் உழைத்துச் சம்பாதிக்கப் போய்வந்த இருட்டுச் சாலைகள் அந்த ஆல்பங்களில் இல்லை. வரும் குளிர்காலத்தில் பயணி இருக்கையில் அமர்ந்து அந்தச் சாலைகளை எடுங்கள். நாளும் தெருவின் பெயரும் குறித்து, பிள்ளைகளுக்காகச் சேமித்துவையுங்கள்.