கன்னிமைக்கு இலக்கணம் எழுதிய ஏடு

மருத்துவம் அறிவியலின் தலைப்பிள்ளை என்று நம்பியிருந்தோம். அந்தப் பிள்ளையின் கழுத்திலும் தாயத்து தொங்கக் கண்டோம், தோழர்களே! 2024 ஆகஸ்டுத் திங்களில் தேசிய மருத்துவ ஆணையம் எம்.பி.பி.எஸ். மாணவர்க்கென ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. தடய மருத்துவப் பகுதியைப் புரட்டினால், கன்னித்திரையின் முக்கியத்துவமும் கன்னிமையின் இலக்கணமும் கற்பிக்கப்பட வேண்டுமாம்! பெண்ணைப் பெண் விரும்புவது இயற்கைக்கு மாறான குற்றமாம்! சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 இல் ஆணையமே பெருக்கி வெளியே தள்ளிய குப்பை இது. இரண்டே ஆண்டில் கொல்லைப்புற வழியாக மீண்டும் கூடத்திற்கு வந்துவிட்டது. எதிர்ப்பு மூண்டதும், செப்டம்பர் 5 ஆம் நாள் திரும்பப் பெற்றனர். அன்று ஆசிரியர் நாள் என்பது, ஆசிரியத் தொழில் பார்க்கும் எனக்குச் சிறு ஆறுதல்.

ஏட்டைத் திரும்பப் பெறலாம், எழுதிய மனத்தை?

இந்த ஏட்டைப் பயில இருந்த மாணவன்தான் நாளை, கருவைக் கலைக்க வேண்டி வரும் பெண்ணின் எதிரே அமரப் போகிறவன். நம் சட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். 1971 இல் கருக்கலைப்புக்கு வழி திறந்தார்கள். 2021 இல் அதை அகலப்படுத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும்; குறிப்பிட்ட சில நிலையிலுள்ள பெண்களுக்கு, இருவர் கருத்தின்பேரில் 24 வாரம் வரை. மணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வாரம் உண்டென்று 2022 செப்டம்பர் 29 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லதுதான்! ஆயினும், பெண்ணின் விருப்பம் ஒன்றே போதும் என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருத்துக் கொள்ள வேண்டும். அந்த வேலிக்கு வெளியே கலைத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 88 ஆம் பிரிவு அப்பெண்ணையே தண்டிக்கும். பூட்டு அவள் உடலுக்கு. சாவி அவர் கையில்! அந்தக் கைக்குக் கன்னிமை இலக்கணம் கற்பித்தால், மணமாகாதவளைக் கண்டதும் முதலில் அது எதைத் தேடும்? 18 வயது நிறைந்தவளுக்கு அவள் ஒப்புதல் ஒன்றே போதுமென்று சட்டம் சொல்லியும், கணவன் கையெழுத்தைக் கேட்கும் வழக்கம் எந்தப் பாடத்திலிருந்து முளைத்தது?

அமெரிக்காவில் 1993 இல், கருக்கலைப்பைக் கொச்சைப்படுத்தும் நகைச்சுவை ஏடொன்றை மருத்துவ மாணவர்களின் வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பினர் எதிர்ப்பாளர். ஜோடி ஸ்டைனவர் என்ற மாணவி அதைக் கண்டு கொதித்தார். இதைப் பற்றி எமக்கு ஏன் கற்பிக்கவில்லை என்று கல்லூரிகளைக் கேட்கும் மாணவர் அமைப்பையே உருவாக்கினார். மாணவர் வினவினால் பாடத்திட்டமும் அசையும்.

நம் காரைக்காலை 1954 வரை ஆண்ட பிரான்சு, 1920 இல் கருத்தடை பற்றிப் பரப்புவதையே குற்றமாக்கிய நாடு. அதுவே 2024 மார்ச்சில் கருக்கலைப்புச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தில் பொறித்தது. நாமோ, அழகிய உடலை உதறிவிட்டுப் பேயுருவம் வேண்டிப் பெற்றவள் என்று ஓர் அம்மையாரைப் போற்றி, ஆண்டுதோறும் மாங்கனி இறைக்கிறோம். உடலோடு வாழும் பெண்ணுக்கு என்ன இறைத்தோம்?

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், இனப்பெருக்கப் பாடம் வந்ததும் அறிவியல் ஆசிரியர், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கங்களைத் தள்ளிவிட்டார். மறுநாள் ஒரு மாணவி, தமிழாசிரியரான என்னிடம் வந்து, கருப்பை என்பதும் சினைப்பை என்பதும் ஒன்றா என்று கேட்டாள். சொல்லின் பொருளைக் கேட்பது போலத்தான் கேட்டாள். பலகையில் படம் வரைந்து காட்டினேன். கதவருகே இன்னும் நால்வர் நின்றிருந்தனர். 2016 முதல் இவ்வூரில் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்பது அவர்களுள் இருவரின் ஆசை.