காப்பும் கேள்விகளும்: 'மிஸ் மார்வெல்' தொடரும் அதன் இரசிகர் விமர்சனமும்

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய நூல்களுள் காலத்தால் முற்பட்டதெனக் கொள்ளப்படுவது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிய இந்நூல் முழுவதும் வினாவும் விடையுமாகவே அமைந்தது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கிறார். நபிகளார் பதில் சொல்கிறார்கள். 'மஸ்அலா' என்ற அறபுச் சொல்லின் பொருளே கேள்வி என்பதுதான். கேட்டுத் தெளிவது நமது இலக்கியத்தின் முதல் வடிவங்களுள் ஒன்றாக இருந்தது என்பதை மனதிற் கொண்டே இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன். எனது பொருளோ நமது சஞ்சிகைகள் அதிகம் தொடாத ஒன்று: ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும், அதைக் கேள்விகளால் துளைத்தெடுத்த அதன் இரசிகர்களும்.

'மிஸ் மார்வெல்' 2022ஆம் ஆண்டு ஜூன் 8 முதல் ஜூலை 13 வரை டிஸ்னி பிளஸில் ஆறு அங்கங்களாக வெளிவந்தது. இதனை உருவாக்கியவர் பிஷா கே. அலி. நியூ ஜேர்ஸி மாநிலத்தின் ஜேர்ஸி சிற்றியில் வாழும் கமலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளிப் பள்ளி மாணவி இதன் நாயகி. நடித்தவர் இமான் வெல்லானி. மூலச் சித்திரக்கதையை எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன். பாத்திர உருவாக்கத்தில் பதிப்பாசிரியர் சனா அமானத்துக்கும் ஓவியர் அட்ரியன் அல்போனாவுக்கும் பெரும் பங்குண்டு. 2014இல் தொடங்கிய அச்சித்திரக்கதையின் முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருதைப் பெற்றது.

இத்தகைய தொடர்களின் இரசிகர்களைப் பொழுதுபோக்கிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. முதலாம் அங்கத்திலே, தானோஸுக்கு எதிரான இறுதிப் போரை கமலா படம் வரைந்து விவரிக்கிறாள். போர்க்களத்தில் இல்லாத ஒரு பிள்ளைக்கு அங்கு நடந்தது எப்படித் தெரியும்? தொடர் இதற்கு விடை வைத்திருக்கிறது. போரில் கலந்துகொண்ட ஸ்கொட் லாங் ஒலிபரப்பொன்றில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவள் அதைக் கேட்டிருக்கிறாள். ஹதீஸ் கலையின் கண்ணியத்துக்குரிய அறிவிப்பாளர் வரிசையோடு ஒரு கற்பனைக் கதையை ஒப்பிடுவது எனது நோக்கமன்று. எனினும் 'இதை யார் சொன்னார், அவர் அங்கே இருந்தாரா' என்று கேட்கும் மனப்பழக்கம் நமக்குப் பரிச்சயமானதே. அதே அங்கத்தில் இரசிகர் விழா நடைபெறும் இடம் லீஹை முகாம். 2014இல் வெளிவந்த 'வின்டர் சோல்ஜர்' திரைப்படத்தில் ஏவுகணை தாக்கிய இடம் அது. அங்கே விழா எடுப்பது எப்படி என்று கேட்டார்கள் சிலர். பழைய போர்க்களம் நினைவிடமாவது உலக வழக்கம்தானே என்றார்கள் வேறு சிலர். பிரதிக்குள் நின்று நடக்கும் நேர்மையான வாதம் இது.

கதையின் தர்க்கம் குறித்து அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகளிற் பல நியாயமானவை. 'கிளான்டெஸ்டைன்' எனப்படும் நாடுகடத்தப்பட்ட கூட்டத்தார் 1940கள் முதல் தங்கள் உலகுக்குத் திரும்பக் காத்திருக்கிறார்கள். வழியைத் திறக்கக்கூடிய காப்பு கமலாவிடம் இருக்கிறது. ஆபத்தை ஆராயக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறாள் அவள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்தவர்கள் சில நாள் பொறுக்காமல் அவளுடைய சகோதரன் ஆமிரின் திருமண மண்டபத்தில் சண்டைக்கு வருகிறார்கள். பின்னர் அவர்களின் தலைவி நஜ்மா கராச்சியிலே உயிர்விட்டு அந்த வழியை மூடுகிறாள். அவளது சக்தி கடல்கள் தாண்டி ஜேர்ஸி சிற்றியிலுள்ள மகன் கம்ரானுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்குத் தொடரில் விளக்கமில்லை. 2023 நவம்பரில் வந்த 'த மார்வெல்ஸ்' திரைப்படமும் உதவவில்லை. அங்கே காப்பு விண்வெளிக் கருவியாகிவிடுகிறது. நூர் உலகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இவை தயாரிப்பின் அவசரத்தில் விழுந்த ஓட்டைகள் என்பதே எனது கருத்து. எவ்வளவு அன்பிருந்தாலும் இரசிகர் இதனைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட ஒரு கேள்வியை நான் ஓட்டையாகக் கருதவில்லை. கமலாவின் உம்மம்மா சனா, 1947 பிரிவினையின்போது தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. கராச்சிக்குப் புறப்படும் கடைசி ரயிலின் நெரிசலில் அவள் தொலைந்துபோகிறாள். நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து வாப்பாவிடம் வந்து சேர்ந்தாள் என்பது அக்குடும்பத்தின் கதை. ஐந்தாம் அங்கத்தில் காப்பின் சக்தியால் 1947க்குச் செல்லும் கமலா, அந்த ஒளிப்பாதையை அமைத்தவள் தானே என்று காண்கிறாள். சனா பிழைத்ததாலேதான் கமலா பிறந்தாள். கமலா போனதாலேதான் சனா பிழைத்தாள். அப்படியானால் முதலில் நடந்தது எது? இரசிகர்கள் இதனைக் காலச் சுழல் என்றார்கள். முன்னைய மார்வெல் படங்களில் சொல்லப்பட்ட காலப்பயண விதிக்கு இது முரண் என்றார்கள். 2019இல் வந்த 'என்ட்கேம்' படத்தின்படி, கடந்த காலத்துக்குப் போனால் வேறொரு கிளை பிறக்குமே தவிரச் சொந்தக் கடந்த காலம் மாறாது.

விதி என்ற அளவில் அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. கதையின் பொருளை நோக்கினால் நிலைமை வேறு. கமலா எதையும் மாற்றவில்லை. குடும்பத்தில் எப்போதும் சொல்லப்பட்டு வந்ததையே நிகழ்த்துகிறாள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பேரப்பிள்ளை முதலில் கேட்பது கதையைத்தான். அந்த இரவில் என்ன நடந்தது என்பது பின்னால், தேடிப் போகிறவர்களுக்கே அகப்படுகிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காணாத ஊரின் ஒழுங்கைகளையும் கிணறுகளையும் அவர்கள் வர்ணிப்பார்கள். அந்த நினைவைத் தங்கள் சொல்லால் மீண்டும் கட்டுகிறவர்களும் அவர்களே. சனாவின் பாதையைப் பேத்தி அமைப்பதும் இதுதான். காலச் சுழலைக் கணக்குப் போட்டவர்களிற் பலர், அந்தப் புகையிரத மேடையில் பிரிந்து நிற்கும் மனிதர்களின் பேச்சுகளுக்குச் செவி கொடுக்கவில்லை. அவ்வங்கத்தை இயக்கியவர் 'ஆஸ்கார்' பெற்ற பாகிஸ்தானிய ஆவணப்பட இயக்குநர் ஷர்மீன் ஒபைத் சினோய் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சக்தி மாற்றப்பட்டது பற்றிய முறைப்பாடு இதைவிட வலுவானது. சித்திரக்கதையிலே கமலாவின் உடல் நீளும், பெருக்கும், உருமாறும். சக்தி கிடைத்ததும் அவள் எடுக்கும் முதல் உருவம், தான் வியந்து பார்த்த பொன்னிறக் கூந்தல் வெள்ளைக்காரியின் உருவம். அந்த உருவம் தனக்குப் பொருந்தாது என்று அவள் உணர்வதே கதையின் உயிர். தொலைக்காட்சியில் உம்மம்மா அனுப்பிய காப்பு, கட்டியான ஒளியைத் தருகிறது. இதனால் பரம்பரை என்ற கருத்து வலுப்பெற்றது உண்மையே. ஆனால் சிறுபான்மைப் பிள்ளை கண்ணாடியின் முன் நின்று படும் வெட்கம் மெலிந்துவிட்டது. இவ்விடத்தில் பழைய வாசகர்களின் பக்கமே நான் நிற்கிறேன்.

இனி, குறிப்புகளைத் தேடும் பழக்கம். கிளான்டெஸ்டைன் என்ற பெயர் 1994இல் அலன் டேவிஸ் உருவாக்கிய, ஜின் வழிவந்த ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து எடுக்கப்பட்டது. 1942இல் காப்பு கண்டெடுக்கப்படும் இடத்தின் தரையில் பத்து வளையங்களின் சின்னம் இருக்கிறது. தொடரின் முதலாம், கடைசி அங்கங்களின் தலைப்புகள் முறையே சித்திரக்கதையின் இரண்டாம், முதலாம் தொகுதிகளின் தலைப்புகள். கமலா தன் பெயரைக் கண்டடையும் இறுதிக்கு முதல் தொகுதியின் பெயரை வைத்தது அழகான தலைகீழாக்கம். இறுதியில் அவளது மரபணுவில் 'பிறழ்வு' ஒன்று இருப்பதாக நண்பன் புரூனோ சொல்ல, 1992இல் தொடங்கிய 'எக்ஸ் மென்' கார்ட்டூனின் இசை ஒரு கணம் ஒலிக்கிறது. அந்த ஒரு கணத்தின் விளைவு சிறிதன்று. அதுவரை சித்திரக்கதையில் வேறு இனத்தைச் சேர்ந்தவளாக இருந்த கமலாவை 2023இல் கொன்று, 'எக்ஸ் மென்' உலகில் மீண்டும் எழுப்பினார்கள். அதையடுத்து வந்த கதையை எழுதிய இருவருள் ஒருவர் நடிகை வெல்லானியே. திரை மூலநூலைத் திருத்தியது, இரசிகை ஆசிரியரானாள்.

இத்தேடலின் குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. மார்வெல் நிறுவனத்தின் பழைய பக்கங்களைச் சுட்டுவது மட்டுமே குறிப்பு என்று கொள்ளப்படுகிறது. தொடரிலே அரச அதிகாரிகள் பள்ளிவாசலுக்குள் நுழைந்து விசாரிக்கிறார்கள். இதைக் கதையை நகர்த்தாத இடைச்செருகல் என்று கருதுவோர் உண்டு. நியூயோர்க் பொலிஸார் தமது மாநில எல்லை தாண்டி நியூ ஜேர்ஸியின் பள்ளிவாசல்களையும் முஸ்லிம் கடைகளையும் மாணவர் சங்கங்களையும் இரகசியமாகக் கண்காணித்ததை 2011இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்தியது. முஸ்லிம்கள் தொடுத்த வழக்கு 2018இல் இணக்கத்தில் முடிந்தது. தொடரின் மிகக் கனமான குறிப்பு இதுவே என்பேன். 2019 ஏப்ரலுக்குப் பின் நமது பள்ளிவாசல்கள் சோதனையிடப்பட்டதைக் கண்ட நமக்கு இதனை அடையாளங்காண அகராதி வேண்டியதில்லை.

முஸ்லிம் பார்வையாளர்கள் எழுப்பிய கேள்வி வேறு. முதன்முதலாக ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையைத் தொடர் நாயகியாக்கிவிட்டு அவளை ஏன் ஜின்களோடு சேர்க்க வேண்டும்? அறபுலகம் என்றால் விளக்கும் பூதமும் என்ற பழைய மேற்கத்தியப் பார்வைதானே இது? இந்த அச்சத்தைத் தொடர் அறிந்திருக்கிறது. தோர் இமயத்தில் இறங்கியிருந்தால் அவரையும் ஜின் என்றே அழைத்திருப்பார்கள் என்ற கருத்துப்பட வலீத் என்ற பாத்திரம் பேசுகிறது. சாதுரியமான விடைதான், போதுமான விடையன்று. அல்குர்ஆனில் ஜின்கள் பொறுப்புடைய படைப்பு. அவர்களிலும் நல்லோர், தீயோர் உண்டு. தொடரின் கூட்டத்தாருக்கு ஜின் என்ற பெயர் மட்டுமே இருக்கிறது, அந்தப் பொறுப்பு இல்லை. பெயரை எடுத்தவர்கள் பொருளையும் எடுத்திருந்தால் நஜ்மாவின் கடைசி மனமாற்றம் நம்பும்படி அமைந்திருக்கும்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நமது விமர்சன அரங்கில் ஒரு சிறுகதை வந்தால், எழுதியவர் யார், எந்த ஊர், எந்த அணி, மார்க்கத்துக்கு ஏற்றதா என்ற கேள்விகள் முதலில் எழுகின்றன. கதையில் ஒரு பாத்திரம் ஏன் அவ்வாறு செய்தது என்ற கேள்வி கடைசியில் வருகிறது, அல்லது வருவதேயில்லை. தொலைக்காட்சி பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளை அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்கிறது. வகுப்பறையில் ஒரு கதையைக் கற்பித்து முடித்ததும் 'இதன் படிப்பினை யாது?' என்று நாங்கள் கேட்டுப் பழகிவிட்டோம். 'இது இப்படி நடக்குமா?' என்று கேட்கவும் விட்டால் பிள்ளைகள் கதையைத் திரும்பத் திறப்பார்கள். அவ்வாறு திறந்தவர்களுக்குக் கதைக்கு வெளியே கிடக்கும் வரலாற்றையும் காட்டிக்கொடுப்பது ஆசிரியரின் பணி. இரசிகரின் கூர்மையும் சமூகத்தின் நினைவும் ஒரே வாசகரிடத்தில் சேரும்போதுதான் நல்ல விமர்சனம் பிறக்கும். அத்தகைய வாசகர்கள் நமது ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளுக்கு நமது சஞ்சிகைகள் இடம் கொடுக்க வேண்டும்.