ஸ்காட்லாந்துப் பாடல்களில் உடன்பிறப்பு

ஸ்காட்லாந்துப் பாடல் மரபில் சகோதரத்துவம் என்றதும் நினைவுக்கு வருபவர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796). அயர்ஷயரில் உள்ள அல்லோவே என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்து, ஸ்காட்ஸ் மொழியில் எழுதியவர். மனிதர் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று பாடிய கவிஞர் என்றே அவரைப் பற்றிய அறிமுகங்கள் கூறுகின்றன. அது பிழையில்லை, ஆனால் பாதி உண்மைதான். கிராமத்தார் வாய்மொழியாகப் பாடிவந்த கதைப்பாடல்களிலும் உடன்பிறந்தவர்கள் வருகிறார்கள். அவற்றில் பலவற்றில் ஒருவன் கையால் மற்றவன் செத்துக் கிடக்கிறான். அந்தப் பாடல்களைக் கேட்ட பிறகுதான் பர்ன்ஸ் சொன்னதன் கனம் தெரிகிறது.

கதைப்பாடல்களில்

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305 உள்ளன. அதில் 49ஆம் எண் கொண்டது 'இரு சகோதரர்' என்ற பாடல். பள்ளிக்குப் போகும் இரண்டு பையன்கள் வழியில் மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவனிடம் இருந்த சிறு கத்தி மற்றவன் உடம்பில் இறங்கிவிடுகிறது. சில வடிவங்களில் இது விபத்து, சிலவற்றில் வேண்டுமென்றே செய்தது. சட்டையைக் கிழித்துக் காயத்தை அடைத்தும் இரத்தம் நிற்கவில்லை. சாகிறவன் கவலைப்படுவது தன் உயிரைப் பற்றி அல்ல. அப்பா கேட்டால் இப்படிச் சொல், அம்மா கேட்டால் இப்படிச் சொல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொய்யைக் கற்றுக்கொடுக்கிறான். குத்தியவனைக் காப்பாற்றும் பொய்கள் அவை.

நான் வகுப்பறையில் கழித்த ஆண்டுகளில் இதன் சிறு வடிவத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூக்கில் இரத்தம் வழிய நிற்கும் தம்பி, பக்கத்தில் அண்ணன் இருக்க, "கீழே விழுந்துட்டேன் சார்" என்பான். அந்தப் பொய்யைக் கண்டிக்க எனக்கு மனம் வந்ததில்லை.

இங்கே ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. ஸ்காட்ஸ் மொழியின் 'பிரிதர்' என்ற சொல் மூத்தவனா இளையவனா என்று காட்டாது. தமிழில் அண்ணன் அல்லது தம்பி என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் குற்றத்தின் எடை ஒருபக்கம் சாய்ந்துவிடும். சகோதரன், உடன்பிறந்தவன் என்று எழுதினால் சமநிலை நிற்கும், ஆனால் வீட்டுப் பேச்சின் சூடு போய்விடும். இதற்கு நல்ல தீர்வு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

13ஆம் எண் கொண்ட 'எட்வர்ட்' இன்னும் கொடியது. வாளில் படிந்த இரத்தம் யாருடையது என்று தாய் மகனைக் கேட்கிறாள். மகன் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய் சொல்லி, கடைசியில் உண்மைக்கு வருகிறான். பிஷப் பெர்சி 1765இல் அச்சிட்ட வடிவத்தில் கொல்லப்பட்டவர் தந்தை. வாய்மொழியாகப் பாடப்பட்ட வடிவங்களில் கொல்லப்பட்டவன் உடன்பிறந்தவன். 1953இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஹாமிஷ் ஹெண்டர்சன் அபர்டீனில் ஜீனி ராபர்ட்சனைச் சந்தித்தார். அவர் பாடிய 'சன் டேவிட்' இந்தப் பாடலின் ஒரு வடிவமே. ஜீனி 'டிராவலர்' எனப்படும் நாடோடி மக்களில் ஒருவர். ஊர் மக்கள் இழிவாக நடத்திய சமூகம் அது. நாட்டின் பழம்பாடல்களைக் காத்துவந்தவர்களையே அந்த நாடு தன் உடன்பிறப்பாக எண்ணவில்லை.

பர்ன்ஸ்

'எ மேன்ஸ் எ மேன் ஃபார் ஆ தட்' என்ற பாடலைப் பர்ன்ஸ் 1795 ஜனவரியில் பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சனுக்கு அனுப்பினார். இது உண்மையில் பாடலே அல்ல, சில நல்ல உரைநடைக் கருத்துகளை எதுகைக்குள் அடைத்தது என்ற பொருளில் தாமே எழுதினார். தன்னடக்கம் என்று இதை ஒதுக்க வேண்டாம். ஒரு விதத்தில் சரியான மதிப்பீடுதான். காட்சிகளோ கதையோ இதில் அதிகம் இல்லை. 'என்ன இருந்தாலும்' என்று பொருள்படும் அந்தத் தலைப்புத் தொடர் திரும்பத் திரும்ப வந்து விழுவதில்தான் பாடலின் பலம் இருக்கிறது.

அதை எழுதிய காலத்தையும் பார்க்க வேண்டும். சீர்திருத்தம் கோரிய வழக்கறிஞர் தாமஸ் மூருக்கு 1793இல் 14 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை கிடைத்திருந்தது. பர்ன்ஸ் ஆயத்தீர்வைத் துறை ஊழியர். 1792 இறுதியில் அவருடைய அரச விசுவாசத்தைப் பற்றியே விசாரணை நடந்தது. குடும்பத்துக்குச் சோறு போடும் வேலை அது. பாடல் 1795 ஆகஸ்டில் கிளாஸ்கோ இதழ் ஒன்றில் பெயரில்லாமல் வெளிவந்தது.

பலர் கவனிக்காத ஒன்று: கடைசிப் பத்தியில் பர்ன்ஸ், மனிதர்கள் சகோதரர்களாக இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அப்படி ஆகும் நாள் வரட்டும் என்று வேண்டுகிறார். காலம் எதிர்காலம். கதைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த கவிஞர் அதை நிகழ்காலத்தில் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்றும் உண்டு. 1786இல் பர்ன்ஸ் ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டமொன்றில் கணக்கு வேலைக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். ஜூலை 31இல் கில்மார்னாக்கில் அச்சான அவருடைய முதல் நூல் வெற்றி பெற்றது, பயணம் நின்றது. 1792இல் அடிமை ஒருவன் புலம்புவதாக அமைந்த பாடல் அவர் பெயரில் வந்தது. ஆயினும் முன்னது கழிந்துவிடவில்லை. பாடலைக் கற்பிப்பவர் இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

'ஆல்ட் லாங் சைன்' பாடலை நான் இதைவிட உயர்வாக மதிக்கிறேன். ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதியதாகப் பர்ன்ஸ் கூறினார். அவர் இறந்த 1796ஆம் ஆண்டில் அது அச்சானது. சிறுவயதில் ஓடையில் காலை நனைத்து விளையாடிய இருவருக்கிடையே பிறகு கடல் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் செய்தி. கை கொடுப்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. புத்தாண்டு இரவில் முதல் வரியிலிருந்தே கைகோத்துக்கொள்வோர் அந்தக் காத்திருப்பை இழக்கிறார்கள்.

ஹெண்டர்சன்

ஜீனியைத் தேடிச் சென்ற ஹாமிஷ் ஹெண்டர்சன் (1919–2002) கவிஞரும்கூட. 1960இல் அவர் எழுதிய 'ஃப்ரீடம் கம்-ஆல்-யே', பர்ன்ஸ் தொடாத இடத்தைத் தொடுகிறது. ஸ்காட்லாந்தின் இளைஞர்கள் பேரரசுக்காகப் போரிட்டுப் பிறர் நாடுகளில் குடும்பங்களைச் சிதைத்தார்கள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அது உடன்பிறப்பைப் பற்றிப் பேசுகிறது. தென்னாப்பிரிக்காவின் நியாங்காவைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவனும் அதில் வருகிறான். தமிழருக்கும் இதில் பங்குண்டு: 1867இல் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலைப் பயிரைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர்தான். அந்தத் தொழிலைத் தாங்கியது தமிழ்க் கூலிகளின் உழைப்பு.

1999 ஜூலை 1இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் திறக்கப்பட்டபோது பாடப்பட்டது பர்ன்ஸின் பாடல். ஷீனா வெலிங்டன் தனியாகப் பாடத் தொடங்கி, கடைசிப் பத்தியில் உறுப்பினர்களையும் சேர்ந்து பாடவைத்தார். தலைப்பிலேயே 'ஆண்' என்று ஒலிக்கும் பாடலை அன்று ஒரு பெண் எடுத்துக் கொடுத்தார். ஹெண்டர்சனின் பாடலைத் தேசிய கீதமாக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அதன் மெட்டு முதல் உலகப் போரில் ஃபிளாண்டர்ஸ் களத்தை நினைத்துக் குழல்பைக் கலைஞர் ஜான் மெக்லெல்லன் அமைத்தது.