விதியல்ல, வைரசு

சி. வி. வேலுப்பிள்ளை தொட்டு மலையக எழுத்து கொழுந்துக் கூடையின் பாரத்தையும் லயத்து இருளையும் உண்மையுடன் தீட்டியது. ஆனால், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் ஒரு தாய் மடிந்தால், நம் எழுத்தாளர் பலர் விதியை நொந்து பேனாவை மூடிவிடுகின்றனர். இதை யதார்த்தம் என நாம் ஏற்பதற்கில்லை.

அந்நோயின் வித்து பப்பிலோமா வைரசு என்பதை 1980களில் ஹரால்ட் சூர் ஹௌசன் காட்டினார். 2017இல் இலங்கை அரசு ஆறாந்தர மாணவியருக்கு அதற்கெதிரான தடுப்பூசியைப் பாடசாலையிலேயே இலவசமாக ஏற்றத் தொடங்கியது. தொற்றுக்கு முன் காக்கும் ஊசி அது; தாய்மாருக்கோ முன்கூட்டிய பரிசோதனையே துணை. அதற்காக டிக்கோயாவில் மலையிறங்குபவள் அன்றைய பேரை இழக்கிறாள். மகளின் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டவும் ஆளில்லாத லயங்கள் உண்டு.

தவிர்க்கக்கூடிய மரணத்தைத் தவிர்க்க விடாதவர் யார்? இதைக் கேட்காத கண்ணீர் இலக்கியமாகாது.