இறுதி வேளையும் பந்தயச் சந்தையும்

மர்யமின் மைந்தர் ஈஸா (அலை) அவர்கள் இறுதி நாளுக்கு முன்னர் மீண்டும் இவ்வுலகுக்கு வருவார்கள் என்பது, விவரங்களில் வேறுபட்டாலும், முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தத்தம் மரபில் பேணிவரும் நம்பிக்கையாகும். அவ்வருகை 2025ஆம் ஆண்டு முடிவதற்குள் நிகழுமா என்னும் வினாவை, நியூயார்க்கில் 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாலிமார்க்கெட் என்னும் பந்தயச் சந்தை பணம் கட்டும் பொருளாக்கியது. 'ஆம்' என ஒரு பங்கு, 'இல்லை' என ஒரு பங்கு. முடிவில் சரியான பங்குக்கு ஒரு டாலர் கிடைக்கும். மற்றதற்கு ஒன்றும் கிடையாது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் 'ஆம்' பங்கு ஏறத்தாழ 3 சென்ட்டுக்கு விற்றது. டிசம்பர் 31 கடந்தது, 'இல்லை' வென்றது. இதனை வேடிக்கை எனச் சிரித்துக் கடப்போர் உளர். இதில் சிந்திக்க வேண்டியவை சில உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

இத்தகைய சந்தைகளை ஆதரிப்போர் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வாயால் சொல்லும் கணிப்புக்குப் பொறுப்பில்லை. கைப்பணத்தை இழக்க நேரும் என்றால்தான் மனிதன் ஆராய்ந்து பேசுவான். பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவு இவ்வாறு விலையாகத் திரள்கிறது என்பர். தேர்தல் போன்றவற்றில் இக்கூற்று ஓரளவு பொருந்தவும் கூடும். அப்படியானால் ஈஸா (அலை) அவர்களின் வருகைக்கு நூற்றுக்கு 3 வாய்ப்பு உண்டென உலகம் கருதியது என்றாகுமா?

ஆகாது. உண்மையான நம்பிக்கையாளர் ஒருவர் 'ஆம்' பங்கை வாங்க என்ன காரணம் இருக்க முடியும்? அவர் எதிர்பார்த்தது நிகழ்ந்துவிட்டால் அந்த ஒரு டாலரைக் கொண்டு அவர் செய்யப்போவது என்ன? வென்றவருக்கு வெற்றிப் பணமே பொருளற்றுப் போகும் பந்தயம் இது. எனவே அந்த 3 சென்ட்டில் ஈமானின் அளவைத் தேடுவது வீண். அதற்குத் தரப்பட்ட விளக்கங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. 'இல்லை' என்போரின் பணம் ஆண்டு முடிவுவரை முடங்கிக் கிடக்கும். இடையில் வேறு பந்தயங்களுக்குப் பணம் தேவைப்படும்போது அவர்கள் தம் பங்கை மலிவாக விற்பர். அப்போது 'ஆம்' பங்கின் விலை ஏறும். ஏறியதும் விற்றுவிடலாம் என்பதே சிலரின் கணக்கு. மறுபுறத்தில், 97 சென்ட் கொடுத்து 'இல்லை' வாங்கியவர் சில மாதங்களில் ஒரு டாலர் பெற்றார். அவர் ஈட்டியது, அவ்வாண்டில் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்கள் தந்த ஏறத்தாழ 4 விழுக்காட்டு வட்டியை ஒட்டியதே.

ஆக, தோற்றத்தில் சூதாகவும் செயற்பாட்டில் வட்டியை ஒத்ததாகவும் அமைந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு, இறைத்தூதர் ஒருவரின் பெயர் முகப்பாக வைக்கப்பட்டது. நம்பிக்கையை மறுப்பவன் அதனோடு வாதிடுகிறான். இச்சந்தையோ வாதிடவும் இல்லை, பயன்படுத்திக்கொண்டது. மறுப்பைவிட இதுவே நம்மை வருத்துகிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அபூபக்ர் (ரலி) அவர்களே ஒரு முன்னறிவிப்பின்மீது பந்தயம் கட்டவில்லையா? 614ஆம் ஆண்டில் ஜெருசலேம் பாரசீகர் வசமான காலச் சூழலில், தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளுக்குள் வெல்வர் என அர்ரூம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அறிவித்தன. அதனைப் பரிகசித்த குறைஷியரோடு அபூபக்ர் (ரலி) பந்தயம் வைத்த செய்தி திர்மிதியில் இடம்பெறுகிறது. பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன்னர் அது நடந்தது என்பதையும் அச்செய்தியே தெளிவுபடுத்துகிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவோடு சேர்த்துச் சூதையும் விலக்கின.

தடைக்கு முந்தியது, பிந்தியது என்பதோடு வேறுபாடு முடிந்துவிடவில்லை. ரோமர் வெற்றிக்கு வேதமே ஒரு தவணையைக் குறித்தது. அத்தவணை மனித வாழ்நாளுக்குள் அடங்கியது. இரு தரப்பாரும் உயிரோடிருந்து முடிவைக் காணத்தக்கது. இறுதி வேளையின் தவணையோ வேண்டுமென்றே மறைக்கப்பட்டது. அதன் அறிவு இறைவனிடமே உள்ளது என அல்அஃராஃப் அத்தியாயத்தின் 187ஆம் வசனம் உரைக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் எவரும் அறியார் என்ற கருத்து மத்தேயு நற்செய்தியிலும் காணப்படுகிறது. இரு மரபுகளும் மூடி வைத்த அந்த ஒன்றையே இச்சந்தை தன் கேள்வியாக எடுத்துக்கொண்டது.

சந்தையின் தீர்ப்பு முறை இன்னும் கவனிக்கத்தக்கது. நம்பத்தகுந்த தகவல் மூலங்களின் ஒருமித்த கருத்தே முடிவைத் தீர்மானிக்கும் என்பது அதன் விதி. தகராறு முற்றினால், குறிப்பிட்ட ஒரு மின்னணு நாணயத்தை வைத்திருப்போர் தம் இருப்புக்கேற்ப வாக்களித்துத் தீர்ப்பர். ஆனால் இறுதிக்காலம் பற்றிய ஹதீஸ்கள் எதனை எச்சரிக்கின்றன? பொய்யனான தஜ்ஜாலைப் பெருங்கூட்டம் மெய்யன் என நம்பும் என்பதையே. மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதே அக்காலத்தின் சோதனை. பெரும்பான்மையின் ஒப்புதல் அங்கே சான்றாகாது. முன்னறிவிப்பின் உட்பொருளை அறியாமலேயே அதன்மீது விதி எழுதிவிட்டார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறரை நோக்கி நீட்டிய விரலை நம் பக்கமும் திருப்பியாக வேண்டும். பணம் கட்டாவிட்டாலும், காலத்தைக் கணக்கிடும் ஆசை நம்மிடமும் இருந்தே வந்துள்ளது. ஹிஜ்ரி 1400ஆம் ஆண்டின் முதல் நாளில், 1979 நவம்பர் 20 அன்று, மஹ்தி தோன்றிவிட்டார் எனக் கூறி மக்காவின் புனிதப் பள்ளியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுவின் செயல், இரு வாரங்கள் நீடித்து இரத்தத்தில் முடிந்தது. இன்றும் ஒவ்வொரு போரையும் நிலநடுக்கத்தையும் ஓர் அடையாளத்தோடு பொருத்தி ஆண்டு குறிக்கும் உரைகளுக்கு நம் மேடைகளில் பஞ்சமில்லை. குறித்த ஆண்டு கடந்ததும் உரையாளர் வேறோர் ஆண்டுக்கு நகர்ந்துவிடுகிறார். கேட்ட இளைஞனின் உள்ளத்தில் விழுந்த விரிசலுக்கு யார் பொறுப்பு? சந்தையில் தோற்றவன் தன் பணத்தையே இழந்தான். இங்கே பிறருடைய ஈமான் பணயமாகிறது.

இறுதி வேளை எப்போது என ஒருவர் வினவியபோது, அதற்காக நீர் எதனை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. 'எப்போது' என்பது பார்வையாளனின் கேள்வி. அதற்கு விலை குறிக்கலாம், வாங்கலாம், விற்கலாம். 'என்ன ஆயத்தம்' என்பது பொறுப்பாளியின் கேள்வி. அதனை எவரிடமும் விற்றுவிட்டு விலக முடியாது. மறைந்து கிடக்கும் தவணையின் பயன், ஒவ்வொரு நாளையும் அந்தப் பொறுப்போடு வாழச் செய்வதே. தேதி குறிக்கும் மேடையும் விலை குறிக்கும் சந்தையும் அந்தப் பயனையே நம்மிடமிருந்து பறிக்கின்றன. சந்தையைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இல்லாதிருக்கலாம். மேடையைத் திருத்தும் கடமை நம்முடையதே.