மனசுள்ள குற்றவாளியும் ரேகை வைத்த குற்றவாளியும்

பழைய காலத்துக் கொலைக்கதைகளுக்கு உலகம் முழுக்க மவுசு இருக்கிறது. கொலைகாரனின் மனசைப் படித்துத் துப்புத் துலக்கும் மருத்துவர் வருகிற நாவல் என்றால் சொல்லவே வேண்டாம். கேலப் கார் 1994இல் எழுதிய ‘தி ஏலியனிஸ்ட்’ 1896ஆம் வருட நியூயார்க்கில் நடக்கிறது. ஃப்ராங்க் டாலிஸ் நம்மை ஃப்ராய்டு காலத்து வியன்னாவுக்குக் கூட்டிப்போகிறார். இரண்டும் தொலைக்காட்சித் தொடர்களாகவும் வந்துவிட்டன.

என்ன கவர்ச்சி இதில்? ‘எவன் செய்தான்’ என்பதோடு நிற்காமல் ‘ஏன் செய்தான்’ என்று கேட்கிறார்கள். சின்ன வயசுக் காயம், பட்ட அவமானம் எல்லாவற்றையும் தோண்டுகிறார்கள். குற்றம் பிறப்பில் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது என்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்கு உவப்பானதுதான். அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால், அதே காலத்துச் சென்னைக்குக் கொஞ்சம் வாங்க தோழர். குற்ற உளவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் கிராஸ். குற்றப் புலனாய்வு பற்றிய அவருடைய கையேடு ஆங்கிலமாகி 1906இல் அச்சேறியதே சென்னையில்தான். அந்த வருடங்களில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மண்டையையும் மூக்கையும் சாதிவாரியாக அளந்து குறித்துக்கொண்டிருந்தார். போலீசுக்கும் அந்த அளவெடுப்பைச் சொல்லிக்கொடுத்தார். பிறவிக் குற்றவாளி என்று லொம்ப்ரோசோ இத்தாலியில் எழுதியது 1876இல். இங்கே அதற்கு முன்னாடியே, 1871இல், அந்த எண்ணம் சட்டமாகிவிட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் கூண்டோடு குற்றப்பரம்பரை ஆனார்கள். நம் சனங்கள் அதற்கு வைத்த பேர் ரேகைச் சட்டம்.

அங்கே தனி ஒருத்தனின் மனசைத் தேடிய அறிவு, இங்கே ஒரு சனத்துக்கே மனசு கிடையாது, சாதிதான் உண்டு என்று முடிவுகட்டியது. அப்புறம் ‘ஏன்’ என்கிற கேள்வி எதுக்கு?

1952இல் அந்தச் சட்டம் போச்சு. எண்ணம் போகவில்லை. 1993இல் நகைத் திருட்டு என்று பிடித்துக்கொண்டு போன குறவர் ராசாக்கண்ணு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்டார். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு அந்த வழக்குதான் மூலம். எங்க அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனியில் காப்பர் வயர் காணோம் என்றால் ஜீப் முதலில் எங்கே வந்து நிற்கும் என்பது காலனிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எந்த மனோதத்துவ டாக்டரும் அந்த ஜீப்பில் வருவதில்லை.

இந்த நாவல்களைப் படியுங்கள். ஆனால் படிக்கும்போது நாம் உட்காருவது துப்பறிபவரின் நாற்காலியில். நம் பாட்டன் நின்றது மேசைக்கு அந்தப் பக்கம், விரலில் மையோடு. ராத்திரி ஆஜர் கொடுக்கப் போனவன் மனசில் என்ன ஓடியது என்பதைத் துப்புத் துலக்குகிற நாவலை நம்மாட்கள்தான் எழுத வேண்டும். அதற்கு வியன்னா போக வேண்டாம். ஆவணக் காப்பகத்துப் பதிவேடுகள் எழும்பூரில் இருக்கின்றன. மிச்சம் நம் கிழவிகளின் வாயில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.